யார் வீட்டுக்கு வந்திருக்கிய?

சட்டப்படி நான் ஓர் அமெரிக்கப் பெண். பிறந்தது கும்பகோணம், வளர்ந்தது திருச்சி, கல்யாணமாகிப் போய்ச் சேர்ந்தது மிச்சிகன். அங்கேயே வேலை, அங்கேயே வீடு, அங்கேயே ஒரு நாள் வலது கையை உயர்த்தி உறுதிமொழி சொல்லிக் குடியுரிமை. இப்போது இருப்பது தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில், கணவரின் பூர்வீக வீட்டில். மாமியார் தனியாக இருக்க முடியாத நிலை வந்ததும் இருவரும் கிளம்பி வந்துவிட்டோம். டெட்ராய்ட் பக்கம் இருக்கும் என் நிறுவனம் வேலையைக் கையோடு கொண்டுபோக அனுமதித்தது. மருத்துவக் காப்பீட்டுக் கணக்குகளைச் சரிபார்க்கும் மென்பொருள்தான் என் பிழைப்பு. கோடையில் அவர்களுக்குக் காலை ஒன்பது என்றால் எனக்கு மாலை ஆறரை. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் எனக்கு ஏழரை. பொதிகை எக்ஸ்பிரஸ் செங்கோட்டையிலிருந்து சென்னைக்குக் கிளம்பும் நேரத்தை ஒட்டிக் கணினியைத் திறப்பேன். தெரு அடங்கி, நாய்களும் அடங்கிய பிறகு மூடுவேன்.

மிச்சிகன் நண்பர்கள் அடிக்கடி விசாரிப்பது மின்சாரம், இணையம், குரங்கு. மின்சாரம் ஆடிக் காற்றில் போகும், வரும். இணையம் நன்றாகவே இருக்கிறது. பக்கத்து மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் வேலை செய்கிறது. 2011-இல் சில பேரோடு இந்தப் பக்கம் வந்தவர்கள், இன்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு வேலை கொடுக்கிறார்கள். அதை நிறுவிய ஸ்ரீதர் வேம்புவே கலிபோர்னியாவை விட்டு 2019-இல் இங்கே குடிவந்தவர். அதனால் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தவள் என்று யாரும் என்னை அதிசயமாகப் பார்க்கவில்லை. குரங்கு உண்டு. தேங்காய்ப் பையைத் தெருவில் ஆட்டிக்கொண்டு நடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நான் எழுத நினைத்தது இவற்றைப் பற்றி இல்லை. இந்த ஊர் என்னைக் கேட்ட கேள்விகளைப் பற்றி.

வந்த முதல் வாரமே பால்காரர் கேட்டார்: "யார் வீட்டுக்கு வந்திருக்கிய?" சொன்னேன். "அப்ப நீங்க மூத்தவரு மருமவளா, ரெண்டாவது மருமவளா?" சொன்னேன். "சொந்த ஊரு?" சொன்னேன். "அங்க என்ன வேல?" அதையும் சொன்னேன். "சம்பளம் எவ்வளவு வரும்?" அங்கே நின்றுவிட்டேன். அமெரிக்காவில் பல வருஷம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவளுக்கு என் சம்பளம் தெரியாது, அவளுடையது எனக்குத் தெரியாது. கேட்பது அநாகரிகம் என்று நாங்கள் இருவருமே நம்பினோம். இங்கே பால் ஊற்றி முடிப்பதற்குள் கேள்வி வந்துவிட்டது. கேட்டவர் முகத்தில் பொறாமையும் இல்லை, குறும்பும் இல்லை. மழை எப்படி என்று விசாரிப்பது போலத்தான் கேட்டார்.

அதற்குப் பிறகு கேட்காதவர்கள் இல்லை. ஆட்டோக்காரர், மருந்துக்கடைப் பெண், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஆச்சி, கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர். வயசு என்ன, பிள்ளைகள் எத்தனை, வீடு சொந்தமா, இந்தச் சேலை எங்கே எடுத்தது, எதற்கு இப்படி இளைத்துப்போயிருக்கிறீர்கள், சுகர் இருக்கிறதா. தெரியாதவர்களைப் பார்த்து இங்கே யாரும் புன்னகைப்பதில்லை. நேராகக் கேள்விதான். மிச்சிகனில் கடையில் எதிரே வருகிறவர் கட்டாயம் புன்னகைப்பார், எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பார், பதில் வருமுன் கடந்தும் போய்விடுவார். அந்தப் புன்னகை பொய் என்று நான் சொல்லமாட்டேன். பனி உறைந்த பல காலைகளில் அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. ஆனால் அங்கே எதிர் வீட்டில் ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். பல வருஷமாகக் கையசைத்துக்கொண்டோம். ஒரு வசந்த காலத்தில் அந்த வீட்டு முன்னால் விற்பனைப் பலகை நட்டிருந்தது. அந்த அம்மா குளிர்காலத்திலேயே போய்விட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கள் வாசலுக்கும் அவர்கள் வாசலுக்கும் இடையே ஒரு தெரு அகலம். அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

குற்றாலத்தில் கேட்ட ஒரு கேள்வியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சீசன் நேரத்தில் பேரருவிக்குப் போகும் வழியில் பழக்கடைகள் வரிசையாக இருக்கும். மங்குஸ்தான், ரம்பூட்டான், மலை வாழை, நடுவில் முள்ளோடு துரியன். துரியன் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்று இந்தப் பக்கம் ஒரு நம்பிக்கை. அதற்காகவே வெளியூரிலிருந்து வந்து, சொன்ன விலைக்கு வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நான் மங்குஸ்தான் எடுத்துக்கொண்டிருந்தபோது கடைக்கார அம்மா கேட்டார்: "புள்ளய எத்தன?"

"இல்லைம்மா."

"வயசு?"

சொன்னேன். அவர் துரியன் பக்கம் திரும்பவில்லை. தட்டில் இருந்த மங்குஸ்தானில் ஒன்றை அழுத்தி உடைத்து, வெள்ளைச் சுளையை என் கையில் வைத்தார். "எனக்கு மூணு. மூணும் வெளியூரு. தீவாளிக்கு வந்தா உண்டு." அதற்குப் பிறகு வெகுநேரம் பேசினோம். அவர் வீட்டுக்காரர் மரம் ஏறி விழுந்தது, கடைசிப் பையன் திருப்பூரில் இருப்பது, இந்தக் கடை வாடகை, சீசன் ஏமாற்றினால் என்ன ஆகும் என்பது. எனக்குப் பிள்ளை இல்லை என்பதைப் பற்றி அமெரிக்காவில் எந்தத் தோழியும் கேட்டதில்லை. கேட்டால் புண்படும் என்று நினைத்திருப்பார்கள். யாரும் கேட்காததால் நானும் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பழக்கடை வாசலில் அதைச் சத்தமாகச் சொன்னதும், எதையோ இறக்கி வைத்தது போல இருந்தது. எல்லாப் பெண்களுக்கும் அப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை. இதே கேள்வி ஒரு சின்னப் பெண்ணிடம், கல்யாணமாகி இரண்டாவது வருஷத்தில், மாமியார் வீட்டுக் கூடத்தில் வைத்துக் கேட்கப்பட்டால் அது கொடுமை. அதையும் இங்கே பார்த்திருக்கிறேன்.

இந்த ஊர்க்காரர்களுக்கு வெளியாளைக் கண்டால் கூச்சமே இல்லை. அதற்குக் காரணம் குற்றாலம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இறங்கினால், மலையின் அந்தப் பக்கம் கொட்டி முடித்து, மிச்சம் ஆரியங்காவு இடைவெளி வழியாகக் காற்றோடு இந்தப் பக்கம் வரும். முகத்தில் பட்டதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெல்லிய தூறல். அதுதான் சாரல். தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெந்துகொண்டிருக்கும்போது இங்கே வெயிலும் தூறலும் மாறி மாறி வரும். செப்டம்பர் வரைக்கும் ஊர் முழுக்க வெளியூர்க்காரர்கள். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிறவர்கள் அடுத்த அலை. ஒரு வீட்டுக்கு வருஷத்தில் பாதி நாள் விருந்தாளி இருந்தால் அந்த வீட்டுப் பிள்ளைகள் எப்படிப் பழகுவார்களோ, அப்படிப் பழகியிருக்கிறது இந்த ஊர். வந்தவரை விசாரிக்கும், எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்கும், அங்கே ஏன் தங்கினீர்கள் என்று கடிந்தும் கொள்ளும்.

என்னுடைய அமெரிக்க உடம்பு அருவியில்தான் முதலில் தோற்றது. அங்கே பழகியது ஒரு கை நீள இடைவெளி. வரிசையில் நின்றாலும் லிஃப்டில் நின்றாலும் அந்த இடைவெளி கூடவே வரும். நயாகராவுக்கு நான் பலமுறை விருந்தாளிகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம், பிளாஸ்டிக் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு படகில் கிட்டப் போவோம், நனைந்துவிடாமல் திரும்புவோம். அதன் பிரம்மாண்டம் வேறு, அதன் அடியில் யாரும் தலையைக் கொடுக்க முடியாது. குற்றாலத்துப் பேரருவி அறுபது மீட்டர் போல உயரம். அவ்வளவு உயரத்திலிருந்து விழும் தண்ணீருக்கு நேராகத் தலையைக் காட்டினால் கழுத்து தாங்காது. ஆனால் நடுவில் பாறையில் பொங்குமாங்கடல் என்கிற ஆழமான குழி இருக்கிறது. தண்ணீர் முதலில் அதில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து, பிறகு பாறையில் பரவி இறங்குகிறது. அந்தக் குழி இருப்பதால்தான் குழந்தையும் கிழவியும் அதன் கீழ் நிற்க முடிகிறது. ஒரு மலை தானாகவே மனிதர்களுக்கு இப்படி ஓர் ஏற்பாடு செய்து வைத்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.

பெண்கள் பக்கம் தனி. நைட்டி, சுடிதார், பழைய சேலை என்று உடுத்திய துணியோடு எல்லோரும் ஒன்றாக நிற்பார்கள். நான் வரிசை கலையட்டும் என்று ஓரமாகக் காத்திருந்தேன். வரிசை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. உள்ளே இருந்து ஒரு கை வந்தது. "இங்கன வாங்க யக்கா, அங்கயே நின்னா எப்பக் குளிக்க?" என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, தனக்கும் தன் தங்கைக்கும் நடுவில் நிறுத்தினாள் ஒரு பெண். தண்ணீர் தலையில் விழுந்ததும் கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை, அந்தப் பிடி மட்டும் விடவில்லை. வழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். வெளியே வந்து பிழிந்துகொண்டிருக்கும்போது, எதிர்பார்த்தபடியே கேட்டாள்: "எந்த ஊர்லேருந்து வாரிய?" அவர்கள் கடையநல்லூர். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் பிரிந்தோம்.

காலையில் வேலை முடிந்து தூங்கி எழுந்து, வார நாளில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போவது என் வழக்கம். ஐந்தருவியில் நெரிசல் குறைவு. பழைய குற்றாலம் திறந்த வெளியாக இருக்கும். ஆனால் 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று காட்டு வெள்ளம் வந்து ஒரு பதினேழு வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. மேலே மலையில் பெய்யும் மழை கீழே நிற்கிறவருக்குத் தெரியாது. போலீஸ் விசில் அடித்தால் ஒரு நொடிகூடத் தாமதிக்கக் கூடாது என்று வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கேயும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

ஊர் கேட்கும் கேள்விகள் ஒரு வகை. அரசாங்கங்கள் கேட்பவை வேறு வகை. என்னிடம் இருப்பது ஓசிஐ அட்டை. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, அதற்குப் பதிலாக 2005 முதல் இந்த ஏற்பாடு. எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருக்கலாம், வேலை பார்க்கலாம். ஓட்டுப் போட முடியாது, அரசு வேலைக்குப் போக முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. கடைசி விதி இங்கே யாருக்கும் புரியவைக்க முடியாத ஒன்று. "ஆத்துப் பாசனம், நல்ல செவல் மண்ணு, உங்களுக்குன்னா குறைச்சுப் பேசலாம்" என்று மாதத்துக்கு ஒருவராவது வந்துவிடுகிறார். என் பெயரில் வாங்க முடியாது என்றால் நம்புவதில்லை. பணம் இருக்கிறது, ஊரில் வீடு இருக்கிறது, தமிழ் பேசுகிறாள், பிறகு எதற்கு முடியாது? கணவரும் அமெரிக்கக் குடிமகன்தான் என்பதால் அவர் பெயரிலும் முடியாது. பரம்பரையாக வந்த நெல்வயல் மட்டும் அவருடையதாகவே இருக்கிறது. பிறந்த உரிமையால் வந்தால் சரி, விலை கொடுத்து வாங்கினால் தவறு. இந்தச் சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. டாலர் சம்பளக்காரர்கள் வந்து வயலை எல்லாம் வாங்கிப் போட்டால் உழுகிறவர் எங்கே போவார்?

மறுபக்கம் அமெரிக்கா. குடிமக்கள் உலகத்தில் எங்கே இருந்தாலும் வரிக் கணக்குக் காட்டச் சொல்லும் நாடு அது. அந்த வழக்கம் உள்ள இன்னொரு நாடு எரித்ரியா. வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதற்குத் தனி அறிக்கை. அந்த அறிக்கையில் தென்காசி வங்கிக் கிளையின் முகவரியை ஆங்கிலத்தில் தட்டும்போது, மீன்கடைக்கு எதிரே மாடிப்படி ஏறிப் போகும் அந்தக் கிளை அயல்நாட்டு நிதி நிறுவனமாக மாறிவிடுகிறது. வங்கியில் இருக்கும் தம்பியோ நான் அமெரிக்கக் குடிமகள் என்பதற்கு வேறு ஒரு படிவம் கேட்கிறார். படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது, "மதினிக்கு டீ சொல்லட்டுமா?" என்றும் கேட்கிறார். என் கணவர் அவருக்கு அண்ணன் முறையாம், எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தல். தெரு முழுக்க இடது கை விரலில் மை. எங்கள் வீட்டில் மாமியாருக்கு மட்டும் இருந்தது. சக்கர நாற்காலியில் அவரை வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போய்விட்டு, நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் மிச்சிகனிலிருந்து எனக்கு வாக்குச்சீட்டு வந்தது. வெளிநாட்டில் இருக்கும் குடிமக்களுக்குத் தேர்தலுக்கு 45 நாள் முன்பே அனுப்ப வேண்டும் என்பது அங்கே மத்தியச் சட்டம். கடைசியாக எந்த முகவரியில் குடியிருந்தோமோ அந்த ஊர் வாக்காளராகவே இருக்கலாம். தென்காசித் தபால் நிலையத்தில் அந்த உறையைக் கொடுத்தபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, குறையாகவும் இருந்தது. என் தண்ணீர், என் சாலை, என் குப்பை எல்லாம் இங்கே. என் ஓட்டு, நான் இனிமேல் போய் வாழப்போவதில்லை என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிட்ட ஓர் ஊரில்.

இதுவரை எழுதியதை வைத்து, கேட்கிற ஊர் நல்ல ஊர், கேட்காத ஊர் கெட்ட ஊர் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. "யார் வீட்டுக்கு வந்திருக்கிய" என்ற கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. "எந்தத் தெரு?" தெருவைச் சொன்னால் சாதி தெரியும். தெருவில் தெரியாவிட்டால் அப்பா பெயர், குலதெய்வம், எந்த ஊர்க் கோயில் என்று சுற்றிச் சுற்றி வரும். என்னை இவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டார்கள் என்றால், என் பதில்கள் அவர்களுக்குச் சங்கடம் தராத பதில்கள். எனக்குத் தெரிந்த ஓர் இளம் தம்பதி, இருவரும் கணினி வேலை, வீடு தேடி அலைந்தார்கள். வாடகை பேசி முடிந்து, முன்பணம் கொடுக்கப் போகும் நேரத்தில் இந்த விசாரணை வரும். அடுத்த நாள் "சொந்தக்காரங்க வாராங்க, வீடு இல்ல" என்று தொலைபேசி வரும். ஒன்றல்ல, பல வீடுகளில். அதே கேள்விதான் என்னைக் கூடத்தில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தது, அவர்களை வாசலோடு அனுப்பியது.

இந்த மாவட்டத்தில்தான், சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், 2022 செப்டம்பரில் பட்டியல் சாதிக் குழந்தைகள் கடையில் மிட்டாய் வாங்கப் போனபோது, ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று கடைக்காரர் சொன்னார். அந்தக் காணொளியை மிச்சிகனில் என் சமையலறையில் நின்று பார்த்தேன். கைது நடந்தது, வழக்கு நடந்தது. அந்தப் பிள்ளைகளின் முகம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடப் பையன்கள் கையில் சாதிக்கு ஒரு நிறமாகக் கயிறு கட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024-இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தது. அந்தக் குழு அமைந்தது 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு. பேருந்தில் பள்ளிப் பிள்ளைகள் ஏறும்போது என் கண் தானாகவே அவர்கள் மணிக்கட்டுக்குப் போகிறது.

1934-இல் காந்தி குற்றாலம் வந்தார். தீண்டாமைக்கு எதிரான பயணத்தில் தமிழ்நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்த சமயம். எல்லோரும் இந்த அருவியில் குளிக்க முடியாது என்று தெரிந்ததும் தானும் குளிக்காமல் திரும்பினார். பேரருவிக்குப் போகும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. இன்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்த கை, என்னை எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு இழுக்கவில்லை. தண்ணீருக்குக் கீழே கேட்க நேரமில்லை. அந்த அளவுக்கு இந்த ஊர் நகர்ந்திருக்கிறது. வாடகை வீட்டு வாசல் வரைக்கும் இன்னும் நகரவில்லை.

கேட்காத ஊர் இதில் தப்பித்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. நாங்கள் இருந்தது ட்ராய், டெட்ராய்டுக்கு வடக்கே, எட்டு மைல் சாலைக்கு அப்பால். எங்களை எந்தத் தெரு என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாதபடி ஊரையே வகுத்து வைத்திருந்தார்கள். சாலைக்குத் தெற்கே பெரும்பாலும் கறுப்பின மக்கள், வடக்கே பெரும்பாலும் மற்றவர்கள். 1941-இல் டெட்ராய்டில் கறுப்பினக் குடியிருப்பை ஒட்டி, ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்கு ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். சுவர் இருந்தால்தான் இந்தப் பக்கத்து வெள்ளையர் வீடுகளுக்கு அரசு ஆதரவோடு கடன் கிடைக்கும் என்பது கணக்கு. அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது, இப்போது அதில் ஓவியம் வரைந்திருக்கிறார்கள். வீடு வாங்கும்போது நாங்களும் நல்ல பள்ளிக்கூடம் உள்ள இடம் என்றுதான் தேடினோம். அந்த நல்ல இடம் எப்படி அமைந்தது என்று தரகரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தென்காசிக் கோயிலுக்கு மாமியாரை அழைத்துப் போகும்போது கோபுர வாசலில் கொஞ்சம் நிறுத்துவேன். அங்கே வீசும் காற்று அவருக்குப் பிடிக்கும். சக்கர நாற்காலியே நகரும் அளவுக்குப் பொதிகைக் காற்று வரும். இந்தக் கோயிலைக் கட்டியவன் பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன். அவன் கல்வெட்டில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது: இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதாவது குறை வந்தால், அதைச் சரிசெய்கிறவர் யாராக இருந்தாலும் அவரைத் தான் பணிவதாக எழுதி வைத்தான். கோபுரம் பின்னால் சிதைந்துபோய் மொட்டையாகவே நெடுங்காலம் நின்றது. 1990-இல்தான் ஒன்பது நிலையோடு திரும்ப எழுந்தது. யார் வீடு, எந்தத் தெரு என்று கேட்காமல், இனிமேல் பிறக்கப்போகும் முகம் தெரியாதவர்களுக்கு ஒரு ராஜா தலைவணங்கியிருக்கிறான். கல்லில் பொறித்த அந்தச் சொல்லை ஊர் நாள்தோறும் தாண்டிப் போகிறது. எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்த இடம் அதுதான்.

இப்போது ஒரு புதுச் செய்தி. வருகிற ஜூலையில் மிச்சிகனிலிருந்து என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வருகிறார். டெட்ராய்ட் நகரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர், அந்த எட்டு மைல் சாலைக்குத் தெற்கே. சாரல் விழா நேரம். இரண்டு வாரம் எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கி, இங்கிருந்தே வேலை பார்ப்பதாக ஏற்பாடு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசு இணையதளத்தில் பதிய வேண்டும், அதை என் கணவர் பார்த்துக்கொள்வார். செங்கோட்டை அருகே பிரானூரில் பரோட்டா சாப்பிட வேண்டும், ரயிலில் பதிமூன்று கண் பாலம் தாண்டிப் புனலூர் வரை போய்வர வேண்டும் என்று இப்போதே பட்டியல் அனுப்பிவிட்டார்.

நான் அவருக்கு எழுதிய பதிலில் அருவியைப் பற்றி ஒரு பத்தி, கேள்விகளைப் பற்றி மூன்று பத்தி. வயது கேட்பார்கள், சம்பளம் கேட்பார்கள், ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பார்கள். உன் நிறத்தைப் பற்றியும் சிலர் நேராகவே பேசுவார்கள். அதில் சிலது அன்பாக இருக்கும், சிலது புண்படுத்தும், எது எது என்று முன்கூட்டியே என்னால் சொல்ல முடியாது. பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம், நான் பக்கத்தில் இருப்பேன். இப்படி எழுதினேன். அவர் திருப்பி எழுதியது: நானும் கேட்கலாமா?

தாராளமாக, என்றேன். பக்கத்து வீட்டு அத்தைக்கு விஷயம் நேற்றே தெரிந்துவிட்டது. அவருக்கு அம்மா இருக்கிறார்களா, மீன் குழம்புக் காரம் தாங்குமா, எங்கள் வீட்டுக் கட்டில் அவர் உயரத்துக்குப் போதுமா என்று வரிசையாகக் கேட்டார். கட்டில் போதாது. தச்சரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.